ஹூக்ளி முகத்துவாரத்தின் விளக்குகள்

வங்காள விரிகுடாவிலிருந்து கொல்கத்தாவை நோக்கி வரும் கப்பல், கரையைக் காண்பதற்கு முன்பே ஆபத்தான கடற்பகுதியை அடைந்து விடுகிறது. சுந்தரவனக் கரை மிகத் தாழ்வானது. மாலுமிக்கு அடையாளம் காட்டும் மலையோ பாறைமுனையோ அங்கு இல்லை. ஆற்று முகத்துவாரத்தில் வடக்கு தெற்காக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்திற்குக் கிடக்கும் சாகர் தீவும் வண்டல் படிந்து உருவான நிலமே. இத்தகைய கரையில் கலங்கரை விளக்கம் எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு போதாததுமாகும்.

பூமியின் வளைவே அதன் முதல் வரம்பு. 30 மீட்டர் உயரத்தில் எரியும் விளக்கை, கடல்மட்டத்திற்கு 10 மீட்டர் மேலே நிற்பவர் சுமார் 33 கிலோமீட்டர் தொலைவு வரையே காண இயலும். ஒளியின் வலிமையை எவ்வளவு கூட்டினாலும் இந்த எல்லை பெரிதும் நீளாது. ஹூக்ளிக்கு வரும் கப்பல்களோ, கரை கண்ணுக்குப் படாத 'சாண்ட்ஹெட்ஸ்' என்னும் கடற்பகுதியிலேயே வழிகாட்டி மாலுமியை ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அங்குக் கோபுரம் எழுப்ப நிலமில்லை. எனவே நங்கூரமிட்ட விளக்குக் கப்பல்கள் நிறுத்தப்பட்டன. 'கிழக்குக் கால்வாய்', 'மேல் காஸ்பர்', 'கீழ் காஸ்பர்' ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை.

அடையாளம் தவறினால் விளையும் கேட்டிற்கு ஒடிசாக் கரையின் ஃபால்ஸ் பாயிண்ட் சான்றாகும். வடக்கே உள்ள பாமிராஸ் முனை என்று இதனைப் பிழையாகக் கருதிய கப்பல்கள் வழிதவறியதால் 'பொய்முனை' என்னும் பொருள்படும் இப்பெயர் ஏற்பட்டது. 1830களில் அங்கு விளக்கம் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு விளக்கும் தனக்கே உரிய இடைவெளியில் ஒளிர்வதும், அதன் விவரம் மாலுமிகளின் விளக்குப் பட்டியலில் பதிவாவதும் இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கவே.

சாகர் தீவைக் கடந்த பின் வேறுவகைச் சிக்கல் தொடங்குகிறது. கோபுரம் நிலையானது, ஆற்றின் மணல்திட்டுகளோ இடம் மாறுபவை. தாமோதரும் ரூப்நாராயணும் ஹூக்ளியில் கலக்கும் பகுதியில் உள்ள 'ஜேம்ஸ் அண்ட் மேரி' திட்டு, 1694இல் அங்கு மூழ்கிய கப்பலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே ஆற்றின் ஆழம் இடைவிடாது அளக்கப்படுகிறது. கால்வாய் நகர்ந்தால் மிதவைகளும் நகர்த்தப்படுகின்றன. கரையில் முன்னும் பின்னுமாக நடப்படும் இரட்டை அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் வைத்துக் கப்பலைச் செலுத்துவது வழிகாட்டியின் கலை. திட்டு இடம்பெயர்ந்தால் அந்த நேர்கோடும் மாற வேண்டும்.

மேற்குக் கரையிலுள்ள கேஜுரியின் வரலாறு இதனை நன்கு உணர்த்தும். ஒரு காலத்தில் கடற்பயணிகள் கப்பலேறிய இத்துறை, 1864ஆம் ஆண்டுப் புயலால் பேரழிவுக்கு உள்ளாயிற்று. கால்வாயும் தூர்ந்தது, துறை மறைந்தது. அதனருகே காவ்காலியில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கமும் பின்னர் கைவிடப்பட்டது.

நிர்வாகப் பொறுப்பும் இருவகைப்பட்டது. 1927ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கச் சட்டம், பொது விளக்குகளை மத்திய அரசின் பொறுப்பில் வைத்து, கப்பல்களிடம் கட்டணம் வசூலித்து அவற்றைப் பராமரிக்க வழிசெய்தது. அதன் இடத்தில் 2021இல் கடல்வழி உதவிச் சாதனங்கள் சட்டம் இயற்றப்பட்டது. ஆற்றின் மிதவைகளும் அடையாளங்களும் துறைமுக நிர்வாகத்தின் பணி. செலவில் பெரும்பகுதியை விழுங்குவது விளக்கன்று, வண்டலே! 1975இல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா அணை, கங்கையிலிருந்து நொடிக்கு 40,000 கன அடி வரை நீரைத் திருப்பி வண்டலை வெளியேற்றும் நோக்குடன் கட்டப்பட்டது. ஆயினும் தூர்வாரும் பணி ஓயவில்லை.

ஆற்றின் வேகம் தீவுகளையும் விட்டுவைக்கவில்லை. சாகரின் வடக்கே உள்ள கோராமாரா தன் பரப்பில் பாதிக்கு மேல் இழந்துள்ளது. லோஹாசாராவில் வாழ்ந்தவர்கள் தம் நிலத்தை நீருக்குப் பறிகொடுத்து, கடந்த நூற்றாண்டின் இறுதிக்குள் சாகரில் குடியேறினர். இன்று சாகரின் தெற்குக் கரையையும் கடல் அரித்து வருகிறது.