உறக்கத்தில் நிற்கும் மூச்சும் புதிய மருந்துகளும்



கோயிலில் கதாப்பிரசங்கம் நடக்கும்போது கண்ணயர்ந்து விடுபவர்களைக் கண்டு சிரிப்பது எம்மவர் வழக்கம். எம்மைப் பார்த்தும் சிரித்திருக்கிறார்கள். அகதியாகக் கனடா வந்த ஆரம்ப ஆண்டுகளில் பகலில் கணக்கியல் வகுப்பு, இரவில் தொழிற்சாலை வேலை. ஆகவே களைப்புத்தான் என்று இருந்துவிட்டோம். ஒருநாள் 401 நெடுஞ்சாலையில் கண் மூடி, கார் பக்கத்துப் பாதைக்குப் போய்விட்டது. பின்னால் வந்தவர் அடித்த ஹோர்ன் எம்மைக் காப்பாற்றியது. அன்றிரவு மனைவி சொன்னார்: “உங்கட குறட்டைக்கு நான் பயப்பிடேல்லை. அது இடையில நிக்கிறதுக்குத்தான் பயம்.”

நோய் என்ன?

உறங்கும்போது நாக்கினதும் தொண்டையினதும் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கின்றன. மூச்சு பத்து விநாடி அல்லது அதற்கு மேல் நிற்கிறது அல்லது குறைகிறது. மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. மணிக்கு எத்தனை தடவை என்பதே கணக்கு. 5 முதல் 15 வரை இலேசானது. 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை.

1981 இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர், மூக்கின் வழியே காற்றைச் செலுத்திப் பாதையைத் திறந்து வைக்கும் இயந்திரத்தை அறிமுகம் செய்தார். இன்றும் அதுவே முதன்மைச் சிகிச்சை. ஆனால் முகமூடியுடன் உறங்கப் பலரால் முடிவதில்லை. எனவேதான் மருந்து தேடுகிறார்கள்.

எமது நகரின் பங்கு

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் றிச்சர்ட் ஹோர்னரின் ஆய்வுகூடம் எலிகளை ஆராய்ந்தது. உறக்கம் வந்ததும் நாக்குத் தசைக்குக் கிடைக்கும் நோர்அட்ரினலின் தூண்டுதல் குறைகிறது என்று 2006 இலும், கனவு உறக்கத்தில் வேறொரு இரசாயனம் அத்தசையை அடக்குகிறது என்று 2013 இலும் இக்குழு எழுதியது. இத்தகைய அறிவை வைத்து, பொஸ்ரன் ஆய்வாளர் இரண்டு பழைய மருந்துகளைச் சேர்த்துப் பார்த்தனர். ஒன்று கவனக்குறைபாட்டுக்கான அற்றொமொக்சற்றின். மற்றது சிறுநீர்ப்பைக்கான ஒக்சிபியூட்டினின். 2019 இல் வெளியான முடிவின்படி, 20 பேரில் மணிக்கு 28.5 ஆக இருந்த இடைநிலை எண்ணிக்கை 7.5 ஆனது.

கணக்காளர் கண்ணால் பார்ப்போம்

முதலாவது, எவ்வளவு காலம்? மேற்சொன்ன முடிவு ஒரே ஒரு இரவுக்குரியது. ஒருநாள் வியாபாரத்தை வைத்து வருடக் கணக்கை மூட முடியாது. அதனால்தான் இதே வழியில் வந்த ஒரு கூட்டுக் குளிசையை அமெரிக்காவிலும் கனடாவிலும் மாதக் கணக்கில் பரிசோதித்தார்கள்.

இரண்டாவது, நிகர இலாபம் என்ன? ரேர்செபரைட் என்ற வாராந்த ஊசியின் முடிவுகள் 2024 இல் வந்தன. இரண்டு பரிசோதனைகள், 469 பேர், 52 வாரங்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் ஊசி என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. இயந்திரம் பாவிக்காதவர்களிடம் நடந்த பரிசோதனையில் மருந்துக்கு 25.3 குறைந்தது, வெறும் ஊசிக்கும் 5.3 குறைந்தது! கழித்தால் மருந்தின் பங்கு 20. தொடக்கம் ஏறத்தாழ 51. ஆகவே மீதி 26 அளவில். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் சராசரியில் நோய் இன்னும் நடுத்தரத்தில் நிற்கிறது. குறைந்ததை மட்டும் பாராமல் மீதியையும் பாருங்கள்.

மூன்றாவது, யாருடைய கணக்கு? அவர்களின் சராசரி உடற்திணிவுச் சுட்டெண் 39 அளவில். ஐந்தடி ஆறங்குலம் உயரமானவருக்கு அது 110 கிலோ. அமெரிக்காவில் 2024 டிசம்பரில் கிடைத்த அனுமதியும் உடற்பருமன் உள்ளவர்களுக்கே. எம்மவரில் மெலிந்தவர்களுக்கும் இந்நோய் உண்டு; அவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நாம் செய்ய வேண்டியது

குளிசை வந்துவிட்டது என்று கேட்டு இயந்திரத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைக்காதீர்கள். குடும்ப வைத்தியரிடம் கூறி உறக்கப் பரிசோதனைக்குப் போங்கள். அதற்கு ஓகிப் அட்டை போதும். நோய் உறுதியானால், இயந்திரத்துக்கு மாகாண அரசு அங்கீகரித்த விலையில் 75 வீதத்தை அதன் உதவிச் சாதனத் திட்டம் செலுத்துகிறது.

மருந்துப் பரிசோதனையில் சேர அழைத்தால் அஞ்சி ஓடவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். அகதி விண்ணப்பம் தொடக்கம் வீட்டுக் கடன் வரை வாசிக்காமலே கையொப்பமிட்டுப் பழகியவர்கள் நாம். இந்தப் பத்திரத்தையாவது வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளைக் கொண்டு தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வெறும் மருந்து கிடைக்கலாமா? இருக்கும் சிகிச்சையை நிறுத்த வேண்டுமா? பக்க விளைவு வந்தால் யாரை அழைப்பது? சேர்ந்த பின்னரும் எந்நேரமும் விலகலாம். அது உங்கள் உரிமை.

அடுத்த கதாப்பிரசங்கத்தில் பக்கத்திலிருப்பவர் குறட்டை விட்டால் சிரிக்காதீர்கள். முடிந்ததும், வைத்தியரைப் பார்க்கும்படி அன்பாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவரும் 401 இல்தான் வீடு திரும்புவார்.