கொட்டகையில் பிறக்கும் விமானம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலையின் மேல் ஏறிக் காவலூருக்கு வருகிறவர்கள், மரங்களுக்கு மேலே தெரியும் வெண்ணிறக் கூண்டுகளைக் கண்டதும், இவையாவும் ஏதோ மேல்நாட்டுத் தொழிற்சாலையில் உருவாகி இங்கே கொணர்ந்து நிறுத்தப்பட்டவை என்றே பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறார்கள். அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972-ல் ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியிலிருந்து வந்தது என்பது உண்மைதான். ஆனால் 1968-ல் அந்த மலையிலிருந்து முதன்முதலாக வானத்தை நோக்கிய 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி, கொடைக்கானல் வானாய்வு நிலையத்தின் கொல்லைப்புறத்தில் நம்மவர் கைகளால் செய்யப்பட்டது. அதன் பின்னர் கண்ணாடி தேய்த்து மெருகேற்றுவது முதற்கொண்டு இத்தேசத்திலேயே நிர்மாணிக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி, 1986 ஜனவரியில் வானியலாளர் வைனு பாப்புவின் பெயரைத் தாங்கி நின்றது. கையால் செய்ததென்பதற்காக நட்சத்திர ஒளி அவற்றுள் கோணலாக விழவில்லை. ஏனெனில், தேய்ப்பதும் சோதிப்பதும், சோதித்தபின் மறுபடி தேய்ப்பதுமாக, பிழை கண்ணுக்கெட்டாத அளவுக்குக் குறையும்வரை அந்தக் கைகள் ஓயவில்லை.

தொலைநோக்கி விஷயத்தில் இதை ஒப்புக்கொள்கிறவர்களும், ஒரு மனிதன் தன் வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டி அதிலேறிப் பறக்கலாம் என்றால் நம்ப மறுக்கிறார்கள்; வேறு சிலரோ, அதனினும் அபாயமாக, அளவுக்கு மீறி நம்பிவிடுகிறார்கள். ஜமுனாமரத்தூரிலும் போளூரிலும் திருப்பத்தூரிலும் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும் பிள்ளைகளை இவ்விரண்டு கோடிகளும் ஒருங்கே வழிதவறச் செய்யக்கூடும் என்பதனாலேயே, இந்த நம்பிக்கைகளைச் சற்று நிதானமாகப் பரிசீலிக்க விரும்புகிறேன்.

விமானம் கட்டுவதற்குப் பிறவி மேதையாக இருக்க வேண்டும் என்பது முதல் நம்பிக்கை. பழைய இரும்பையும் மோட்டார் சைக்கிள் என்ஜினையும் கொண்டு விமானம் செய்த இளைஞன் என்று பத்திரிகைகள் அவ்வப்போது படம் போட்டுப் புகழ்வதும் இந்த நம்பிக்கையையே வளர்க்கிறது. அந்த இளைஞர்களின் உற்சாகத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆயினும் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் சொந்தமாக விமானம் கட்டிப் பறப்பது அந்த மார்க்கத்தில் அன்று. அவர்கள் வாங்குவது 'கிட்' எனப்படும் தொகுதி. இறக்கையின் வளைவை வகுப்பதும், உலோகத்தின் கனத்தைக் கணக்கிடுவதும், மாதிரி இறக்கையின் மேல் பாரமேற்றி அது எவ்வளவு தாங்கும் என்று சோதிப்பதும் ஆகிய மேதைமைக்குரிய காரியங்களை அதை வடிவமைத்தவர்கள் முன்னமே முடித்திருக்கிறார்கள். வாங்குகிறவனுக்கு வந்துசேர்வது, வெட்டித் துளையிட்ட அலுமினியத் தகடுகளும், வரைபடங்களும், படிப்படியான குறிப்புப் புத்தகமுமே. பெரும்பாலும் வால் பகுதிதான் முதலில் வரும். சின்னஞ்சிறு பகுதியாகையால், கை பழகாதவன் ஒரு தகட்டைக் கெடுத்தாலும் பெருநஷ்டமின்றி வேறொன்று வரவழைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் உள்ள பிசிறை நீக்கி, துருப்பிடியாதிருக்கப் பிரைமர் பூசி, தகடுகளைக் கிளீக்கோ என்னும் தற்காலிகப் பிடிப்பான்களால் சேர்த்துப் பார்த்து, சரியென்று கண்டபின் ரிவெட் அடிக்க வேண்டும். இரண்டு பேர் அமரும் ஓர் உலோக விமானத்தில் இத்தகைய ரிவெட்டுகள் பத்தாயிரத்துக்கும் மேல். முழு வேலைக்கும் 1,500 முதல் 2,000 மணி நேரம் பிடிக்கும் என்பது சாதாரண மதிப்பு. உத்தியோகத்திலிருந்து வீடு திரும்பி, வாரத்துக்கு 10 மணி நேரம் ஒதுக்கக்கூடியவனுக்கு இது மூன்று நான்கு வருஷத்து வேலை. ஆக, இங்கே தேவைப்படுவது மேதைமையன்று. நாலாயிரமாவது ரிவெட்டையும் முதல் ரிவெட்டை அடித்த அதே ஜாக்கிரதையோடு அடிக்கும் மனம்.

பால் போபரெஸ்னி என்பவர் 1953-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொடங்கிய சோதனை விமானச் சங்கம் இன்று பெரும் ஸ்தாபனமாக வளர்ந்திருப்பதும், தொகுதியில் பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கட்டுகிறவர் தமது கல்வியின் பொருட்டோ பொழுதுபோக்கின் பொருட்டோ தாமே செய்திருக்க வேண்டுமென்று அமெரிக்கச் சட்டம் விதித்திருப்பதும், இது சாமானியனுக்கு உரிய காரியமே என்பதைக் காட்டும்.

ஆனால் தொகுதியில் வந்ததெல்லாம் பிழையற்றது என்று நம்பிவிடுவதும் தவறு. ஆரெகன் மாகாணத்தில் 1973 முதல் இயங்கிவரும் வான்ஸ் கம்பெனியின் வடிவமைப்பில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் பறந்திருக்கின்றன. அத்தகைய கம்பெனியே, லேசர் ஒளியால் வெட்டிய துளைகளின் விளிம்பில் விரிசல் காண்பதைக் கட்டுகிறவர்கள் கண்டு சொன்னதன் பேரில், 2023-ல் பெருந்தொகையான பாகங்களை மாற்றிக்கொடுக்க நேர்ந்து, அந்த வருஷக் கடைசியில் கடன் நெருக்கடியால் நீதிமன்றப் பாதுகாப்பையும் நாடியது. விரிசலைக் கண்டது, தகட்டைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த கண் என்பதை நாம் மறக்கலாகாது.

இவையெல்லாம் அந்நிய தேசத்துச் சங்கதிகள், நமது மண்ணுக்கு ஒட்டாதவை என்பது அடுத்தபடியாகப் பலர் சொல்வது. இதைக் கேட்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமுண்டாகிறது. ஏனென்றால் சென்னையின் சரித்திரத்தில் ஓர் அழகிய அத்தியாயம் இந்த அபிப்பிராயத்தினடியில் புதைந்துவிடுகிறது. இந்தியாவில் விமானம் என்றதும் அலகாபாத்தையே எல்லோரும் நினைக்கிறார்கள். 1911 பிப்ரவரி 18-ஆம் நாள் ஹென்ரி பெக்கே என்னும் பிரெஞ்சுக்காரர் ஆறாயிரத்துச் சொச்சம் கடிதங்களை ஏற்றிக்கொண்டு யமுனையைக் கடந்து நைனிக்குப் பறந்ததும், உலகத்தின் முதல் அதிகாரபூர்வமான விமானத் தபால் அதுவென்பதும் மெய்யே. ஆனால் அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னதாக, 1910 மார்ச் மாதத்தில், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஆஞ்ஜலிஸ் என்பவர், தாமே வகுத்த திட்டப்படி ஒரு விமானத்தைச் சென்னையிலேயே செய்வித்துப் பறந்து காட்டினார். முந்தின வருஷம் பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த செய்தி அவருக்குள் ஆசையை மூட்டிவிட, கோச்சு வண்டிகள் கட்டுவதில் பேர்பெற்ற சிம்சன் கம்பெனியின் பட்டறையில் அந்த விமானம் உருவாயிற்று. பல்லாவரத்தில் பரீட்சை பார்த்தபின், தீவுத்திடலில் பொதுமக்கள் கட்டணம் கொடுத்துக் கண்டு களித்தார்கள். வண்டிக்குச் சட்டம் கோத்துப் பழகிய சென்னைத் தச்சர்களும் கொல்லர்களும் விமானத்துக்கு உடல் சமைத்தார்கள் என்பதைவிட நமக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

பிற்காலத்திலும் அந்த இழை அறுந்துபோகவில்லை. பர்ட் ரூட்டன் என்ற அமெரிக்கர், வீட்டில் கட்டிக்கொள்வோருக்காக வெளியிட்ட 'லாங் ஈஸி' என்னும் வடிவத்தை அடியொற்றி, பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடத்தார் கண்ணாடி இழையாலான ஓர் ஆராய்ச்சி விமானத்தைக் கட்டி 1987-ல் பறக்கவிட்டார்கள். அதில் கைவந்த வித்தையைக் கொண்டு அவர்கள் சொந்தமாக வடிவமைத்த 'ஹன்ஸா' 1993 நவம்பரில் பறந்தது. பின்னர் பறக்கும் கிளப்புகளின் உபயோகத்துக்காக நமது ஹோசூரிலேயே அது உற்பத்தியாயிற்று. வீட்டுக் கொட்டகைக்கென்று பிறந்த வடிவம் ஒரு தேசிய ஆய்வுக்கூடத்துக்கு ஆரம்பப் பாடமாக அமைந்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

கையால் கட்டிய விமானம் நடுவானில் பிய்ந்து விழும் என்ற அச்சத்துக்கு வருவோம். 2012-ல் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இவ்விஷயத்தைத் தீர விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டுச் சிறு விமானங்களில் சுமார் 10 சதவீதமே சொந்தமாகக் கட்டியவை; ஆனால் 2011-ல் நேர்ந்த விபத்துகளில் 15 சதவீதமும், உயிர்ச்சேதமான விபத்துகளில் 21 சதவீதமும் அவற்றுக்கே உரியவை. ஆகவே அபாயம் அதிகம் என்பதை மறைப்பது தர்மமாகாது. எனினும் அபாயம் எங்கே இருக்கிறது என்பதில்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். இறக்கை முறிவது அபூர்வம். என்ஜின் நின்றுபோவதும், விமானி கட்டுப்பாட்டை இழப்பதுமே பிரதான காரணங்கள். இன்னும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: அவ்வருஷம் ஆராயப்பட்ட 224 விபத்துகளில் பாதிக்கு மேற்பட்டவை, பிறர் கட்டியதை இரண்டாங்கையாக வாங்கியவர்களின் விமானங்களுக்கு நேர்ந்தவை, அவற்றுள்ளும் 14, வாங்கியவர் முதல்முதலாக அதிலேறிப் பறந்தபோதே நிகழ்ந்தவை. கட்டியவனுக்குத் தெரிந்த குணங்களை வாங்கியவன் அறியான்.

இந்த அபாயங்களில் பெரும்பங்கைத் தரையில் நிற்கும்போதே களைந்துவிடலாம் என்பதனால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். மூக்கை உயர்த்தி ஏறும் கோணத்தில் விமானத்தை நிறுத்திவைத்து, பம்பு வழியே பெட்ரோல் என்ஜினின் முழுத் தேவைக்குமேல் கால் பங்கு அதிகமாகவே ஓடுகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கம்பிகள் இடம்வலம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தால், கட்டியவன் கண்ணுக்கு அது சரியாகவே தோன்றும். ஆதலால் வேறொரு தேர்ந்தவர் வந்து பார்ப்பது இன்றியமையாதது. மூன்று சக்கரங்களையும் தராசுகளில் ஏற்றி எடைபோட்டு, பளுவின் மையம் எங்கே விழுகிறதென்று கணக்கிட வேண்டும். மாட்டுவண்டியில் பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்குவதை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம்; விமானத்திலும் பின்பாரம் அப்படியே மூக்கைத் தூக்கிவிடுகிறது, அப்போது வேகம் குன்றி, எந்தத் திறமையாலும் மீட்கவொண்ணாத நிலை வந்துவிடக்கூடும். இத்தனையும் நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதி, படமெடுத்து வைக்கப்பட்டிருந்தால், பார்வையிட வரும் நிபுணருக்கு மூடிய இறக்கைக்குள் இருப்பதும் தெரியும்.

எந்த என்ஜினும் போதும், எந்தப் பெட்ரோலும் போதும் என்ற நம்பிக்கை நம் நாட்டில் இப்போது விசேஷமாக ஆபத்தானது. இலேசான விமானங்களில் மிகுதியாகக் காணப்படும் ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் 912 வகை என்ஜின் நிமிஷத்துக்கு 5,800 சுற்றுவரை ஓடக்கூடியது. பங்காவை அந்த வேகத்தில் சுழற்றினால் பயனில்லையாகையால், பற்சக்கரப் பெட்டியொன்று அதைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது. மோட்டார் சைக்கிள் என்ஜினுக்கோ, மணிக்கணக்காக ஏறக்குறைய முழுச் சக்தியில் உழைக்கும் பழக்கமே கிடையாது. பெட்ரோலைப் பொறுத்தமட்டில், இந்த ரோடாக்ஸ் வகைக்குத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் எத்தனால் 10 சதவீதம்வரைதான். நம் பெட்ரோல் பங்குகளில் இன்று கிடைப்பதோ 20 சதவீதம் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒத்துவராத ரப்பர்க் குழாய்களையும் தொட்டியின் பூச்சையும் கெடுக்கும். காருக்குப் போடுவதை விமானத்துக்கும் போடலாம் என்று பழைய புத்தகங்களில் படித்தவர்கள், அந்தப் புத்தகம் எழுதப்பட்ட காலத்துப் பெட்ரோல் வேறு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மலைவாசிகள் சொல்லும் ஒரு வாதத்துக்கு வருகிறேன்: 'நாங்கள் ஏற்கெனவே உயரத்தில் இருக்கிறோம், இங்கிருந்து கிளம்புவது சுலபந்தானே?' உண்மை இதற்கு நேர்மாறு. காவலூர் கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே 32 பாகை வெயிலடிக்கும் நடுப்பகலில் காற்று விரிந்து இலேசாகிவிடுவதனால், இறக்கைக்கும் என்ஜினுக்கும் அது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக் காற்றுக்குச் சமம். கடற்கரையில் குளிர்ந்த 15 பாகைக் காற்றிலுள்ள அடர்த்தியில் ஏழில் ஒரு பங்கு அங்கே குறைந்துபோகிறது. என்ஜின் இளைக்கிறது, பங்கா பிடிமானமிழக்கிறது, தரையை விட்டெழ நெடுந்தூரம் ஓட வேண்டியிருக்கிறது. சமதரை அரிதான மலையில் அந்த ஓட்டத்துக்கு இடமேது? இதனோடு, வெயிலேறிய சரிவுகளிலிருந்து எழும் காற்றும், முகட்டுக்கு அப்பால் கீழ்நோக்கி இறங்கும் காற்றும் இலேசான விமானத்தைத் தம்மிஷ்டப்படி ஆட்டும்.

என்ஜின் நின்றால் கல்லைப்போல் விழும் என்பதும் மெய்யன்று. சாதாரணமான சிறு விமானம், ஒரு பங்கு உயரத்தை விட்டு ஒன்பது பத்துப் பங்கு தூரம் மிதந்து செல்லும். போளூர்ச் சமவெளியின் மேல் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இது நேர்ந்தால், ஒன்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் அறுவடையான ஒரு வயலைத் தேடிக்கொள்ளலாம். அதே விமானம் மலைமுகட்டின் மேல் வருகையில் காலடியில் எஞ்சும் உயரம் சில நூறு மீட்டரே. கீழே இருப்பதோ காடும் பாறையும். ஆகவே முதற் பறத்தலையும் அதனையடுத்த சோதனை மணிகளையும், அமெரிக்காவில் பெரும்பாலும் 25 அல்லது 40 மணியாக விதிக்கப்பட்டிருக்கும் அந்தப் பரீட்சைக் காலம் முழுவதையும், நீண்ட ஓடுபாதையும் திறந்த வெளியும் உள்ள சமவெளித் தளத்திலேயே நடத்த வேண்டும்.

என் நிலம், என் விமானம், என்னை யார் கேட்பது என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவும், பறக்கும் அனுமதியும், விமானியின் லைசென்ஸும் இன்றி ஒரு முழம்கூட எழும்பலாகாது. மும்பையில் தம் வீட்டு மொட்டைமாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டிய விமானி அமோல் யாதவ், அதற்குப் பல வருஷங்கள் போராடி 2017 நவம்பரில்தான் பதிவு பெற்றார். அத்தனை காலம் ஒரு குடிமகனைக் காக்கவைத்தது எனக்கு உவப்பானதன்று. இந்த வழி இன்னும் தெளிவாகவும் விரைவாகவும் அமைய வேண்டும் என்றே கருதுகிறேன். ஆயினும் சோதனையைத் தவிர்ப்பதற்கு அது நியாயமாகாது.

பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளை 16 வயதில் மாணவ விமானியாகவும், 17 வயதுக்குமேல் 40 மணி நேரம் பறந்து தேறினால் தனி விமானியாகவும் லைசென்ஸ் பெற நம் நாட்டு விதிகள் இடந்தருகின்றன. கட்டும் வேலை முடிந்தபின் பறக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறவர்களும், முன்னமே கற்றுக்கொண்டு கட்டும் வருஷங்களில் பழக்கத்தை விட்டுவிடுகிறவர்களும், தம் விமானத்தின் முதற் பறத்தலன்று ஒரே நிலையில்தான் இருப்பார்கள். ஆகவே வால் பகுதிக்குப் பணம் கட்டும் மாதத்திலேயே பறக்கும் கிளப்பிலும் சேர்ந்து, ரிவெட் அடிக்கும் வருஷங்கள் நெடுகிலும் ஆசிரியரோடு பறந்து வருவதே சரியான ஏற்பாடு.