கண்டற்காடும் கல்விக்கூடமும்

சிதம்பரத்திற்குத் தில்லை என்பது பழம்பெயர். அப்பெயர் ஒரு மரத்தினால் அமைந்தது. உப்புநீர் ஏறி வடியும் சேற்றுநிலத்தில் வளர்வது தில்லை மரம். அதன் பால் கண்ணிற் பட்டால் பெருந்துன்பம் விளைக்கும். அம்மரங்கள் அடர்ந்த காட்டினிடையே தோன்றியமையால் ஊரும் தில்லை எனப்பட்டது என்பர். இன்று அம்மரத்தை அதற்குரிய காட்டிலே காண விரும்புவோர், நகரின் கிழக்கே கடலோரத்திலுள்ள பிச்சாவரத்திற்குச் செல்லுதல் வேண்டும்.

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலொடு கலக்கின்றன. அவ்விரு கழிமுகங்களுக்கும் இடையே, ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் விளங்குவது பிச்சாவரம் கண்டற்காடு. அலையாத்திக் காடு என்றும் இதனைக் கூறுவர். இங்குள்ள சுரபுன்னை, தூண்களைப் போன்ற வேர்களை ஊன்றி நிற்கும். அதன் விதை மரத்திலிருக்கும்போதே முளைவிட்டுப் பின்னர்ச் சேற்றில் விழும். வெண்கண்டலோ, சேற்றுக்கு மேலே வேர்களை நீட்டி மூச்சுவிடும். இவ்வேர்களின் இடையே இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. ஆதலின், இக்காடு மீனவர்தம் உணவுக் களஞ்சியமும் ஆகும்.

சிதம்பரத்தில் 1929-ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. கடல்வாழ் உயிர்களை ஆராய்வதற்கென அது வெள்ளாற்றின் கரையில், பரங்கிப்பேட்டையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தது. பல்கலைக்கழக மானியக் குழு 1963-ஆம் ஆண்டில் அதனை உயராய்வு மையமாக ஏற்றுக்கொண்டது. அங்குப் பயின்ற மாணவர்க்குக் கழிமுகமே பாடநூலாயிற்று. நீரின் உப்பு எவ்வளவு, எந்த உயிர் எந்தப் பருவத்தில் வருகிறது, எந்த மரம் எவ்விடத்தில் தழைக்கிறது என்பனவற்றையெல்லாம் அவர்கள் நேரிற் கண்டு குறித்தனர்.

இக்காட்டிற்கு ஒரு காலத்தில் பெருங்கேடு நேர்ந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலம் முதல் 1970-கள் வரை, பகுதி பகுதியாக மரங்களை முற்றிலும் வெட்டி எடுக்கும் முறை கையாளப்பட்டது. வெட்டிய இடங்களில் மீண்டும் காடு முளைக்கவில்லை. ஊர்மக்கள் விறகு வெட்டுவதும் ஆடுமாடுகள் மேய்வதுமே காரணம் என்று பலர் கருதினர். ஆராய்ந்தபோது உண்மை வேறாகத் தோன்றியது. நிழல் நீங்கிய சேறு வெயிலில் உலர்ந்து தாழ்ந்து பள்ளமாயிற்று. அப்பள்ளத்துட் புகுந்த கடல்நீர் திரும்பிச் செல்ல வழியின்றித் தேங்கி வற்றியது. நீர் வற்ற, உப்பு மிகுந்தது. உப்பு மிக, இளஞ்செடிகள் மடிந்தன.

காரணம் தெரிந்தபின் பரிகாரமும் புலப்பட்டது. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் ஊர்மக்களும் ஒன்றுகூடினர். நடுவே ஒரு பெரிய கால்வாயும், அதன் இருபுறமும் மீன்முள்ளைப் போலப் பிரியும் சிறு கால்வாய்களும் வெட்டப்பட்டன. ஓதநீர் தடையின்றி வந்து சென்றது. தேங்கிய உப்பு கழுவப்பட்டது. கால்வாய்க் கரைகளில் கண்டற்கன்றுகள் நடப்பட்டன. முன்னர்ப் பழி சுமந்த ஊர்மக்களே கால்வாயைத் தூர்வாரிக் கன்றுகளைக் காத்தனர். 1986-க்கும் 2002-க்கும் இடையே இக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு பெருகியதைச் செயற்கைக்கோட் படங்கள் காட்டின.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியது. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அப்பேரிடருக்குப் பின்னர்ப் பல்கலைக்கழக அறிஞர்களாகிய கதிரேசனும் இராசேந்திரனும் பரங்கிப்பேட்டையை அடுத்த 18 கடலோரச் சிற்றூர்களை ஆராய்ந்தனர். கடலுக்குச் சேய்மையிலும் மேட்டு நிலத்திலும் அடர்ந்த மரங்களுக்குப் பின்னும் அமைந்த ஊர்களில் இழப்புக் குறைவு என 2005-இல் வெளியிட்டனர். பிற அறிஞர் சிலர் அக்கணக்கை மீண்டும் ஆராய்ந்து, மேடும் தொலைவுமே பெரிதும் காத்தன என்று மறுத்துரைத்தனர். இவ்வாறு ஒருவர் கண்டதை மற்றொருவர் சோதித்துப் பார்ப்பதே அறிவியலின் நெறி. காட்டின் பயனை மிகைபடக் கூறி, ஊரைத் தாழ்ந்த கரையிலேயே அமைத்துவிட்டால் உயிர்க்கன்றோ கேடு வரும்!

பரங்கிப்பேட்டையின் அறிவு அவ்வூரோடு நின்றுவிடவில்லை. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் யுனெஸ்கோவும் துணைநிற்க, கண்டற்காடுகளைப் பற்றிய பன்னாட்டுப் பயிற்சி அங்குப் பல ஆண்டுகள் நடைபெற்றது. அயல்நாட்டார் பலரும் சேற்றில் இறங்கி மரங்களை இனங்கண்டு, காட்டைக் காக்கும் திறனைப் பெற்றுச் சென்றனர்.

இயற்கையைக் காக்க அன்பு மட்டும் போதாது. நீர் ஏன் தேங்கியது, கன்று ஏன் மடிந்தது என்று வினவும் அறிவும், மண்வெட்டியை எடுக்கும் கையும் வேண்டும். அறிவைத் தேடுவது கல்விக்கூடத்தின் கடமை. அதனைக் கைத்திறனாக்கி மக்களிடம் சேர்ப்பதும் அதன் கடமையே. இவ்விரண்டும் கூடிய இடத்தில்தான் பட்ட காடு மீண்டும் தளிர்த்தது. தில்லை என்னும் பெயர் ஏட்டில் மட்டும் எஞ்சாமல், அம்மரமும் மண்ணில் நிலைபெற வேண்டுமாயின், அக்கூட்டுறவு என்றும் தொடர்தல் வேண்டும்.