"சும்மா இருக்கிறாள்": ஒரு விடையை அளந்து பார்ப்போம்

"உன் அம்மா என்ன வேலை பார்க்கிறார்?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? உங்களுள் சிலராவது, "வேலைக்குப் போகவில்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறார்" என்பீர்கள். நானும் ஒருமுறை இந்த விடையை மறுபேச்சின்றி எழுதிக்கொண்டவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவர்களுடன் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். வீடு வீடாகக் கணக்கெடுத்தோம். படிவத்தில் "தொழில்" என்று ஒரு கட்டம் இருந்தது. திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவரிடம் அவர் மனைவியின் தொழிலைக் கேட்டேன். "அவளா? சும்மாதான் இருக்கா" என்றார். நான் "இல்லை" என்று எழுதினேன். அந்த அம்மையார் எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து, விதைக்காக நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் ஒரு மாணவி, "சார், அந்த அம்மா வேலை செஞ்சுக்கிட்டுத்தானே இருந்தாங்க?" என்றாள். என்னிடம் விடையில்லை.

பிழை எங்கே?

நான் இயற்பியல் ஆசிரியன். திருகு அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் சுழிப் பிழை உண்டா என்று பார்க்கச் சொல்வேன். சுழிப் பிழை உள்ள கருவியால் நூறு முறை அளந்து சராசரி கண்டாலும் அந்தப் பிழை போகாது. மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும் நான், கையிலிருந்த படிவமும் ஒரு கருவி என்பதை மறந்துவிட்டேன்.

சமுதாய ஆய்வில் இத்தகைய பிழைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1936இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன் "லிட்டரரி டைஜஸ்ட்" என்ற இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்று இதழ் கணித்தது. ஆனால் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களுள் 46இல் வென்றார்! காரணம் என்ன? தொலைபேசிப் பட்டியல், கார் வைத்திருப்போர் பட்டியல் போன்றவற்றிலிருந்து பெயர்கள் எடுக்கப்பட்டன. அன்று அவை வசதி படைத்தோரின் பட்டியல்கள். மேலும், சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே கருத்து உடையவர்கள் அல்லர். எண்ணிக்கை பெரிதாக இருந்தும், யாரைக் கேட்டோம் என்பதில் பிழை புகுந்துவிட்டது.

என் கணக்கெடுப்பிலோ இரண்டு பிழைகள். ஒன்று, மனைவியின் வேலையைக் கணவரிடம் கேட்டது. இரண்டு, "தொழில்" என்ற சொல். பலருக்கும் அந்தச் சொல் கூலியோ சம்பளமோ வரும் வேலையை மட்டுமே குறிக்கிறது. இந்தச் சிக்கலை நம் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் சந்தித்தது. அதனால்தான் 1991இல், நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் ஊதியமின்றிச் செய்யும் வேலையும் சேரும் என்று கேள்வியிலேயே குறிப்பிட்டார்கள்.

கேள்வியை மாற்றினால்?

இங்கேதான் கற்பனைத் திறன் வேண்டும். "வேலை" என்ற சொல்லையே விட்டுவிட்டு, "நேற்று எந்த நேரத்தில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் என்ன? இதுவே காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. இந்தியாவில் 1998-99இல் தமிழ்நாடு உட்பட 6 மாநிலங்களில் இது நடந்தது. 2019இல் நாடு தழுவிய அளவில் நடந்தது. முதல் நாள் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை, அரை மணி அரை மணியாகக் கேட்டு எழுதினார்கள்.

விடை என்ன? 6 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஊதியமில்லா வீட்டு வேலை செய்தார்கள். அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்களில் 26.1 விழுக்காட்டினர் செய்தார்கள். அவர்களுக்கு 97 நிமிடம். குழந்தைகளையும் முதியோரையும் கவனிக்கும் நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு.

சற்று நில்லுங்கள். இந்த எண்களையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. 97 நிமிடம் என்பது வேலை செய்த ஆண்களின் சராசரி மட்டுமே. செய்யாதவர்களையும் சேர்த்தால்? 97ஐ 0.261ஆல் பெருக்குங்கள்: சுமார் 25 நிமிடம். பெண்களுக்கு 299ஐ 0.812ஆல் பெருக்கினால் சுமார் 243 நிமிடம். முதற்கணக்கில் வேறுபாடு 3 மடங்கு. இரண்டாவதில் ஏறத்தாழ 10 மடங்கு! இரண்டும் சரியான எண்களே. அவை விடை சொல்லும் கேள்விகள்தாம் வேறு.

செய்து பாருங்கள்

ஒரு தாளில் காலை 4 மணி முதல் அரை மணிக்கு ஒன்றாக 48 கட்டங்கள் போடுங்கள். நேற்று என்ன செய்தார் என்று அம்மாவிடம், அனுமதி பெற்று, அவரிடமே கேளுங்கள். சோறு வேகும்போது தம்பியையும் பார்த்துக்கொண்டால் இரண்டையும் எழுதுங்கள். பிறகு அப்பாவிடமும் கேட்டு இன்னொரு தாள் நிரப்புங்கள். வகுப்பில் ஒப்பிடும்போது பெயர்களை மறைத்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இயற்பியல் பேராசிரியராக இருந்து புள்ளியியலுக்கு வந்த மகாலனோபிஸ், ஒரே பகுதியை ஒன்றையொன்று சாராத இரு மாதிரிகளால் அளந்து ஒப்பிடும் முறையைக் கையாண்டார். பணியாளர் செய்யும் பிழைகளைக் காண அது சிறந்த வழி. நீங்களும் இரு குழுக்களாகப் பிரியலாம். ஆனால் இரு குழுவின் கையிலும் ஒரே குறையுள்ள கேள்வி இருந்தால், விடைகள் அழகாக ஒத்துப்போகும். இரண்டும் தவறாக இருக்கும். எனவே கேள்வியையும் சோதியுங்கள்.

மறுநாள் நானும் அந்த மாணவியும் அதே வீட்டுக்குப் போனோம். இம்முறை அந்த அம்மையாரிடமே, "நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று மாணவி கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். தண்ணீர், சாணம், அடுப்பு, மாடு, களையெடுப்பு, கடலை... தாளின் ஒரு பக்கம் போதவில்லை. பெரியவரும் கேட்டுக்கொண்டே இருந்தார். இறுதியில், "இவ்வளவா!" என்றார்.

என் படிவத்தில் "இல்லை" என்பதை அடித்துவிட்டு, திருத்தி எழுதினேன்.