கட்டத்துக்குள் ஒரு கடை
(சிறு வியாபாரமும் கியூ.ஆர். கோடும் - ஒரு பாடம்)

மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை



எங்கள் ஊர் வத்திராயிருப்பு. சதுரகிரி மலைக்குப் போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் தாணிப்பாறை அடிவாரத்துக்குப் போவார்கள். அமாவாசை, பௌர்ணமி வந்துவிட்டால் ஊரே நிரம்பிவிடும். ஆடி அமாவாசையைச் சொல்லவே வேண்டாம்! என் சித்தப்பா இங்கே சின்னதாக ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார். மலை இறங்கி வருகிறவர்கள் வீட்டுக்கு ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் வாங்கிப் போவார்கள். அது தீர்ந்தபிறகு மறுபடி வேண்டும் என்றால்? கடை பெயர் ஞாபகம் இருக்காது. போன் நம்பர் இருக்காது. இதுதான் எங்கள் மாதிரி ஊர்க் கடைகளின் பெரிய கஷ்டம். வாடிக்கையாளர் ஒரு தடவை வருவார், அதோடு போய்விடுவார்.

"பாட்டிலில் ஒரு கியூ.ஆர். கோடு ஒட்டலாம் சித்தப்பா. செல்போனைக் காட்டினால் நேரே நம்ம கடை பக்கம் வந்து நிக்கும்" என்று யோசனை சொன்னவன் நான்தான். இணையத்தில் 'இலவசம்' என்று போட்டிருந்த ஒரு இடத்தில் ஐந்து நிமிடத்தில் கோடு தயார் செய்தேன். சிவகாசியில் 2,000 ஸ்டிக்கர் அச்சடித்து வந்தது. ஸ்கேன் செய்து பார்த்தோம், நன்றாக வேலை செய்தது. எனக்கு ஒரே பெருமை!

ஆடி அமாவாசை முடிந்து ஒரு மாதம் ஆனது. சித்தப்பா கேட்டார்: "ஏய்யா, நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிற? இந்தக் கட்டத்தப் போட்டு என்னய்யா பிரயோஜனம்? ஒருத்தர்கூடக் கூப்பிடலையே!"

ஸ்கேன் செய்து பார்த்தேன். கடைப் பக்கம் வரவில்லை. "சோதனைக் காலம் முடிந்தது, பணம் கட்டினால் கோடு மறுபடி இயங்கும்" என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. இலவசம் என்றது இரண்டு வாரத்துக்கு மட்டுமாம். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போன பாட்டில்களை இனி யார் போய்த் திருப்பி வாங்குவது?

எங்கே தப்பு நடந்தது என்று தேடியபோது நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் டிப்ளமோ முடித்து ஊர்க் கடைகளுக்கு இந்த மாதிரி வேலை செய்து கொடுக்கப் போகிறவர்கள். என் தப்பை நீங்கள் செய்யக் கூடாது, அல்லவா?

கட்டம் பிறந்த கதை

கோடுகளாக இருக்கும் பார்கோடு முதன்முதலில் கடையில் ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26-ல், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில். பொருள், ஒரு பாக்கெட் சூயிங்கம்! ஆனால் அந்தக் கோடுகளில் சுமார் 20 எழுத்துதான் கொள்ளும். ஜப்பானில் கார் உதிரிபாகங்கள் செய்யும் டென்சோ நிறுவனத்தில் ஒரே பெட்டிக்குப் பல பார்கோடுகளைத் தனித்தனியாகப் படிக்க வேண்டி வந்து, தொழிலாளர்கள் சலித்துப்போனார்கள். அங்கே பொறியாளராக இருந்த மசஹிரோ ஹரா என்பவர் 1994-ல் இந்தச் சதுரக் கட்டத்தை உருவாக்கினார். 'கியூ.ஆர்.' என்றால் 'உடனடிப் பதில்' என்று பொருள்.

மூன்று மூலைகளில் பெரிய சதுரக் கண்கள் இருக்கின்றனவே, அவை எதற்கு? அந்தக் கண்ணின் நடுவே எந்தத் திசையில் கோடு இழுத்தாலும் கறுப்பு வெள்ளை மாறி மாறி 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். அச்சுப் பக்கங்களில் மிக அரிதாக வரும் விகிதம் எது என்று தேடிப் பார்த்து இதை எடுத்தார்கள். அதனால்தான் தலைகீழாகக் காட்டினாலும் கேமரா கண்டுபிடித்துவிடுகிறது.

இங்கே முக்கியமான விஷயம் ஒன்று. காப்புரிமை இருந்தும் டென்சோ அதைக் காட்டி யாரிடமும் காசு கேட்கவில்லை. ஆகவே கியூ.ஆர். கோடு உண்டாக்க யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. அதற்குக் காலாவதியும் கிடையாது. அது வெறும் எழுத்து. பேப்பரில் எழுதிய போன் நம்பர் எப்படித் தானாக அழியாதோ, அப்படி.

அப்படியானால் எங்கள் கோடு ஏன் செத்தது?

நடுவில் நின்ற ஆள்

நான் உண்டாக்கிய கோட்டுக்குள் எங்கள் கடை முகவரியே இல்லை! அந்த நிறுவனத்தின் ஒரு குட்டி இணைப்புதான் இருந்தது. ஸ்கேன் செய்தவரை முதலில் தன் இடத்துக்கு வரவழைத்து, அங்கிருந்து எங்கள் பக்கத்துக்கு அனுப்பியது. பணம் வரவில்லை என்றதும் அனுப்புவதை நிறுத்திவிட்டது. இந்த வகைக்கு 'டைனமிக்' கோடு என்று பெயர். முகவரியையே நேராக உள்ளே வைப்பது 'ஸ்டாடிக்' கோடு.

குட்டி இணைப்பு வேலை செய்யும் விதம் எளிது. வீடு மாறினவர் தபால்காரரிடம் புது விலாசத்தைச் சொல்லி வைப்பதில்லையா? அதேதான். சர்வரில் ஓர் அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் ஆறேழு எழுத்துச் சங்கேதம், மறுபக்கம் நீண்ட முகவரி. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண் 10, ஆக 62 குறிகள். ஆறு இடத்தில் வைத்தால் 62-ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். சுமார் 5,680 கோடி முகவரிகள் கிடைக்கும்!

இதனால் லாபமும் உண்டு. அச்சடித்த பிறகும் போகும் இடத்தை மாற்றலாம். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணலாம். ஆனால் தபால்காரர் வேலையை விட்டுவிட்டால்?

பெரிய கம்பெனி என்று நம்பவும் முடியாது. கூகுள் 2009-ல் ஒரு சுருக்க இணைப்புச் சேவை தொடங்கியது. 2019 மார்ச்சில் புது இணைப்பு தருவதை நிறுத்தியது. பழைய இணைப்புகளும் 2025 ஆகஸ்ட் 25-லிருந்து இயங்காது என்று 2024-ல் அறிவித்தது. பலர் கேட்டுக்கொண்ட பிறகு, புழக்கத்தில் இருப்பவற்றை மட்டும் விட்டுவைப்பதாகச் சொன்னது. யாரும் தொடாமல் கிடந்தவை போயின. இன்னொன்று பாருங்கள். பல சுருக்க இணைப்புகள் '.எல்.ஒய்.' என்று முடியும். அது லிபியா நாட்டுக்கு உரிய முடிவெழுத்து. 2010-ல் அப்படி முடிந்த ஒரு சுருக்கச் சேவையின் பெயரை, தங்கள் நாட்டுச் சட்டத்துக்கு ஒவ்வாது என்று சொல்லி லிபியாவே பறித்துக்கொண்டது. வத்திராயிருப்பு எண்ணெய்க்கும் லிபியாவுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் சாவி அங்கே இருக்கிறது!

கொஞ்சம் கணக்கு

நம் துறைக்காரர்களுக்கு இந்த இடம் பிடிக்கும். கியூ.ஆர். கோட்டில் 40 அளவுகள் உண்டு. முதல் அளவு 21-க்கு 21 கட்டம். ஒவ்வொரு அளவுக்கும் நாலு கட்டம் கூடி, கடைசி அளவு 177-க்கு 177. உள்ளே எழுத்து கூடக் கூட, கட்டம் பொடியாகும். பொடியானால் சாதாரணக் கேமரா திணறும்.

அழுக்கு, கீறல் பட்டாலும் படிக்க உதவும் பிழை திருத்தம் நாலு படிகளில் இருக்கிறது. தோராயமாக 7, 15, 25, 30 சதவீதம் சேதம்வரை தாங்கும். படி கூடினால் கட்டமும் கூடும்.

இப்போது எங்கள் ஸ்டிக்கரை எடுத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பே ஒரு குட்டி முகவரி தருகிறது. அதன் பின்னால் 91 சேர்த்துக் கடை எண்ணைப் போட்டால் மொத்தம் 26 எழுத்து. ஸ்கேன் செய்தவுடன் கடையோடு பேசும் பக்கம் திறக்கும். 15 சதவீதத் திருத்தத்தில் இது இரண்டாம் அளவில், அதாவது 25-க்கு 25 கட்டத்தில் அடங்கிவிடும்.

"எண்ணெய் வேண்டும்" என்ற வாசகத்தையும் முன்கூட்டியே சேர்த்துவிடலாமே என்று ஆசைப்பட்டேன். அங்கேதான் தமிழ் எழுத்து இடம் கேட்கும்! முகவரிக்குள் போகும்போது க, ண போன்ற ஒவ்வொரு எழுத்துக்கும், புள்ளிக்கும், கொம்புக்கும் தனித்தனியே 9 குறிகள் ஆகும். அந்த இரண்டே சொல்லுக்கு 138 குறிகள். முகவரியோடு சேர்த்தால் 170. கோடு ஒன்பதாம் அளவுக்கு, 53-க்கு 53 கட்டமாக ஏறிவிடும்.

ஸ்டிக்கரில் கோட்டுக்கு இருந்த இடம் 2 சென்டிமீட்டர். சுற்றிலும் நாலு கட்ட அகலத்துக்கு வெள்ளை விடுவது விதி. ஆக 25 கட்டக் கோட்டுக்கு 33 பங்கு, ஒரு கட்டம் 0.6 மில்லிமீட்டர். 53 கட்டக் கோட்டுக்கு 61 பங்கு, ஒரு கட்டம் 0.33 மில்லிமீட்டர்தான். ஏறக்குறையப் பாதி! சுருக்கமான முகவரி அழகுக்காக அல்ல, கேமராவுக்காக என்பது இப்போது புரிகிறதா?

இன்னொரு சூட்சுமம். முகவரியை முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் கொடுத்தால், கோடு இரண்டு எழுத்தை 16 பிட்டுக்குப் பதில் 11 பிட்டில் அடைக்கும். இந்த வாட்ஸ்அப் முகவரிக்கு எழுத்துப் பெரிதா சிறிதா என்பது பிரச்சினை இல்லை. அதனால் அதே 25 கட்டத்துக்குள் 25 சதவீதத் திருத்தமே கிடைத்தது. எண்ணெய்க் கை படுகிற பாட்டிலுக்கு அது அவசியம் அல்லவா?

ஒரு கடைக்குச் செய்யும்போது...

1. உள்ளே என்ன முகவரி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். செல்போன் கேமரா, திறக்கும் முன்னால் முகவரியைக் காட்டும். கடைக்குச் சம்பந்தமில்லாத பெயர் தெரிந்தால் நடுவில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

2. அந்த போன் எண் கடைக்காரர் பெயரில் இருக்கட்டும். உங்கள் எண்ணைப் போடாதீர்கள். நீங்கள் வேலைக்கு ஓசூர் போய்விடுவீர்கள், பாட்டில் இங்கேயே இருக்கும்.

3. இடத்தை மாற்றவும் ஸ்கேனை எண்ணவும் வேண்டுமென்றால், கடை பெயரிலேயே ஓர் இணையப் பெயர் வாங்குங்கள். ஆண்டு வாடகை உண்டு. மறக்காமல் கட்டினால் சாவி கடைக்காரர் கையில் இருக்கும்.

4. வெள்ளையில் கறுப்புதான் நல்லது. மினுமினு காகிதம் வேண்டாம். வளைந்த பாட்டிலில் கோடு சின்னதாக, தட்டையான பக்கத்தில் இருக்க வேண்டும்.

5. எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும் என்பது வழக்கில் உள்ள கணக்கு. கையில் பிடிக்கும் பாட்டிலுக்கு 2 செ.மீ. போதும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் சுவரொட்டிக்கு 20 செ.மீ. வேண்டும்.

6. கோட்டின் கீழே "மறுபடி எண்ணெய் வேண்டுமா? இதை ஸ்கேன் செய்யுங்கள்" என்று எழுதுங்கள். போன் எண்ணையும் அச்சிடுங்கள். எல்லோரிடமும் கேமரா போன் இருக்காது.

7. பணம் வாங்கும் யு.பி.ஐ. கோடு வேறு, விளம்பரக் கோடு வேறு. பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் குழப்பாதீர்கள்.

8. அச்சாபீசுக்குப் போகுமுன் ஒரு மாதிரி எடுத்து, பழைய போன், புது போன் இரண்டிலும் பாருங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான்!

ஒரு எச்சரிக்கை

கட்டத்தைப் பார்த்து மனிதக் கண்ணால் எதுவும் சொல்ல முடியாது. திருடனுக்கு அதுவே வசதி. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் இரவோடு இரவாகக் கடைகளின் யு.பி.ஐ. கோடுகள் மேல் வேறு கோட்டை ஒட்டி, பணத்தைத் தங்கள் கணக்குக்குத் திருப்பிவிட்டார்கள். காலையில் கடை திறந்ததும் கோட்டைத் தடவிப் பார்ப்பது கடைக்காரர் வழக்கமாக வேண்டும். பணம் வாங்க ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையே இல்லை என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள்.

கோடு இருப்பதாலேயே சரக்கு அசல் ஆகிவிடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிவகாசிப் பசுமைப் பட்டாசுப் பெட்டிகளிலும் கியூ.ஆர். கோடு வருகிறது. ஆனால் எந்தக் கட்டத்தையும் யாரும் நகல் எடுக்கலாம். அது கூட்டிப் போகும் இடம் யாருடையது என்பதில்தான் நம்பிக்கை இருக்கிறது.

முடிவாக...

2018-ல் வந்த தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் கியூ.ஆர். கோடு இருந்ததைப் பள்ளியில் பார்த்தோம். அதற்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு யோசித்தோமா? இல்லை. இன்று நாம் யோசிக்க வேண்டியவர்கள்.

மீதி இருந்த ஸ்டிக்கர் அத்தனையும் வீணானது. சித்தப்பா என்னைத் திட்டவில்லை. "படிச்சுக்கிட்டியா? அது போதும்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை! புது ஸ்டிக்கரை என் விடுமுறை வேலைச் சம்பளத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். கோட்டுக்குள் கடையின் சொந்த எண். நடுவில் யாரும் இல்லை. அடுத்த அமாவாசைக்குப் பிறகு திருமங்கலத்திலிருந்து ஓர் அம்மா வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "அண்ணாச்சி, ரெண்டு லிட்டர் தேங்கா எண்ணெய் பார்சல்ல அனுப்புவீங்களா?" சித்தப்பா அதை எனக்கு அனுப்பி வைத்தார். வேறு ஒன்றும் எழுதவில்லை.

நண்பர்களே! இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் ஒரு கடைக்குப் போய், அங்கே ஒட்டியிருக்கும் விளம்பரக் கோட்டை ஸ்கேன் செய்து பாருங்கள். செத்துக் கிடந்தால் கடைக்காரரிடம் சொல்லி, சரியான கோடு செய்து கொடுங்கள். ஆகும் செலவு ஒரு மணி நேரம். நாம் படித்த படிப்புக்கு நம் ஊர் பெறும் முதல் லாபம் அதுவாக இருக்கட்டும்!