கருந்துளையும் பொங்குமாங்கடலும்

ஆனி, ஆடித் திங்களில் இரவு ஒன்பது மணியளவில் தாமிரபரணிப் படித்துறையில் நின்று தெற்கு நோக்கினால், விருச்சிக ராசியில் செந்நிறக் கேட்டை விண்மீன் ஒளிரக் காணலாம். அதற்குச் சற்றுக் கிழக்கே, வெறுங்கண்ணுக்குப் புலனாகாமல், ஏறத்தாழ 39 கோடி ஒளியாண்டுத் தொலைவில் ஓபியூகஸ் என்னும் மண்டலக் கொத்து உள்ளது. நமது பால்வெளி போன்ற விண்மீன் மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் ஈர்ப்பாற் பிணைந்து கிடப்பதையே மண்டலக் கொத்து என்கிறோம்.

இக்கொத்துகளில் விண்மீன்களைவிட வாயுவே மிகுதி. அதன் வெப்பம் ஒரு கோடி முதல் பத்துக் கோடி பாகை வரை உயரும். அவ்வாயு எக்ஸ் கதிர்களை உமிழ்ந்து வெப்பத்தை இழக்கிறது. அடர்த்தி மிக்க நடுப்பகுதி, கணக்குப்படி, நூறு கோடி ஆண்டுகளுக்குள் குளிர்ந்துவிட வேண்டும்; ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான சூரியன்களுக்குரிய பொருள் விண்மீன்களாகத் திரள வேண்டும். ஆனால் அவ்வளவு விண்மீன்கள் அங்குப் பிறப்பதில்லை. அணையாமல் அடுப்பெரிப்பவர் யார்?

நடு மண்டலத்தின் மையத்திலுள்ள கருந்துளையே என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விடை. எல்லாவற்றையும் விழுங்குவது எவ்வாறு வெப்பம் தரும் என்று வினவலாம். விழுங்கியது வெளிவருவதில்லை. விழுமுன் சுழலும் பொருளும் அதனைப் பிணைத்த காந்தப்புலமும் சேர்ந்து, ஒளியின் வேகத்தை நெருங்கும் இரு தாரைகளை எதிரெதிர்த் திசைகளில் வீசுகின்றன. அவற்றிலுள்ள எலெக்ட்ரான்கள் ரேடியோ அலைகளை எழுப்புகின்றன.

தாரையோ குறுகியது, வாயுவோ எப்புறமும் பரந்தது. குறுகியது பரந்ததை எவ்வாறு சூடாக்கும்? சிற்றாற்று நீர் குற்றாலத்தில் பொங்குமாங்கடலில் விழுவதை நினைத்துப் பார்க்கலாம். ஒடுங்கி விழும் நீரின் வேகம் அத்தடாகத்தில் உடைகிறது. நுரையும் சுழலும் அலையுமாகத் தடாகம் முழுதும் கலங்குகிறது. தாரையும் அவ்வாறே வாயுவை ஒதுக்கித் தள்ளிப் பெருங்குமிழிகளை ஊதுகிறது. நீருள் விட்ட எண்ணெய் போல அக்குமிழிகள் மெல்ல மேலெழுந்து, வழியெல்லாம் வாயுவைக் கலக்குகின்றன. குமிழியின் பருமனையும் சுற்றுவாயுவின் அழுத்தத்தையும் அறிந்தால் அதனை ஊதச் செலவான ஆற்றலைக் கணிக்கலாம். பல கொத்துகளில் அது குளிர்ச்சியை ஈடுசெய்யப் போதுமானதாகவே உள்ளது.

பெர்சியஸ் கொத்தின் குமிழிகளை 1993இல் ரோசாட் செயற்கைக்கோள் காட்டியது. 1999இல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அதே கொத்தில் அலைவளையங்களையும் கண்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரையே அக்கருவி தாங்கியுள்ளது. அவ்வலைகள் ஒலியலைகளே, ஆனால் ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டு! 2016இல் ஜப்பானின் ஹிடோமி, அங்குள்ள வாயுவின் கலக்கம் நொடிக்குச் சுமார் 160 கிலோமீட்டரே என அளந்தது. இத்துணை அமைதியான வாயுவில் வெப்பத்தைப் பரப்புவது சுழற்சியா, ஒலியா, குமிழிப்பொருளின் கலப்பா என்பதில் அறிஞர்களிடையே வழக்கு நீடிக்கிறது. மூன்றுமே பங்கேற்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இத்துறையில் தமிழ் மண்ணுக்கும் இடமுண்டு. கோவிந்த் சுவரூப் தலைமையில் 1970இல் உதகையில் அமைந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமுடையது. உதகையின் அட்சரேகைக்கு ஒத்த சரிவுள்ள மலையைத் தேடி நிறுவியதால் அதன் அச்சு புவியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. நிலவு ஒரு ரேடியோ மண்டலத்தை மறைக்கும் கணத்தை அளந்தே அதன் வடிவை நுட்பமாகக் கண்டனர். பின்னர் அவரே புணேக்கு வடக்கே கோடத்தில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுடைய 30 கிண்ணங்களைக் கொண்ட தொலைநோக்கியை உருவாக்கினார்.

ஓபியூகஸ் புதிரை அவிழ்க்க அக்கிண்ணங்களும் உதவின. கொத்தின் வாயுவில் வளைந்த விளிம்பொன்றைச் சந்திரா முன்பே காட்டியிருந்தது. ஒரு கருந்துளை இத்துணைப் பெரிய பள்ளம் தோண்டுமா என ஐயுற்றனர். விளிம்புக்கு அப்பால் அப்பள்ளத்தை ரேடியோ அலை நிறைத்திருப்பதை ஆஸ்திரேலியக் கருவியின் தரவும் கோடத்துத் தரவும் 2020இல் மெய்ப்பித்தன. நம் பால்வெளி போன்றவை பதினைந்தை வரிசையாக அதனுள் வைக்கலாம். அதற்குமுன் அறிந்த பெருவெடிப்பைவிட ஆற்றல் ஐந்து மடங்கு.

விறகடுப்பில் பொங்கிய உலை வழிந்து தீயைத் தணிக்கும்; பொங்கல் அடங்கத் தீ மீளும். வாயு குளிர்ந்து விழுந்தால் கருந்துளைக்கு இரை. இரை கிடைத்தால் தாரை. தாரை சுட்டால் இரை நின்றுபோகும். ஓபியூகஸில் இப்போது தாரையே இல்லை. அலைவுற்ற குளிர்வாயு நடு மண்டலத்தைவிட்டு 6,500 ஒளியாண்டு விலகி நிற்கிறது.