நாலாவது தடவை

அன்புத் தம்பிக்கு,

போன மாசியில் கொட்டாம்பட்டிக் கல்யாண மண்டபத்தில் நீ ஆடிய ‘ஊத்தா’வைப் பார்த்தேன். கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில், கைத்தடியை முழங்கால் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவன் நான்தான். முடிந்ததும் உன்னைச் சுற்றிப் பெங்களூர்க் கூட்டாளிகள் நின்றார்கள், கிட்ட வரவில்லை. மூணு வாரமாக மனசில் உருண்டதை இப்போது எழுதுகிறேன். கோபம் வந்தால் பாதியில் வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

முதலில் அந்தத் தாள். வாசலிலேயே ஒரு பையன் கையில் திணித்தான். உடலின் நினைவடுக்குகள், இழப்பின் நிலவியல், விளிம்பின் அசைவு என்று முன்பக்கம் முழுக்க எழுதியிருந்தாய். என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அதை இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டு விசிறிக்கொண்டார். கருங்காலக்குடிப் பக்கத்துச் சம்சாரி. ஐம்பது வருஷமாகக் கண்மாய் அழியும்போதெல்லாம் ஊத்தா போட்டு மீன் பிடிக்கிற மனுஷர். அவருக்கே விளங்காதபடி ஊத்தாவைப் பற்றி எழுத ஒரு தனித் திறமை வேண்டும்தான்.

அடுத்தது கண். நாற்பது நிமிஷம் ஆடினாய். அதில் முப்பத்தைந்து நிமிஷம் தரையைப் பார்த்தாய். இப்போது வருகிற பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் ஆடுகிறீர்கள்; ஏதோ காசைத் தொலைத்தவர்கள் மாதிரி. தரையைப் பார்த்தால் ஆழமாக யோசிப்பதாக அர்த்தம் என்று யார் சொல்லிக் கொடுத்தது? நம் ஊர் சாமி கும்பிட்டில் கரகம் ஆடுகிறவளைப் பார்த்திருப்பாய். அவள் தரையைப் பார்த்தால் கரகம் தரைக்கு வந்துவிடும். அது கிடக்கட்டும், மீன்பிடித் திருவிழாவையே எடுத்துக்கொள். பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே சேற்றுக்குள் இறங்குகிறது. ஊத்தாவைக் குத்தி அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவுகிறவன் எங்கே பார்க்கிறான்? தண்ணீரையா பார்க்கிறான்? கலங்கின தண்ணீரில் பார்க்க என்ன இருக்கிறது? அவன் கரையில் நிற்கும் பெண்டாட்டியைப் பார்ப்பான், பக்கத்து ஆளின் பையைப் பார்ப்பான், சும்மா வானத்தைப் பார்ப்பான். பார்க்கிற வேலையைக் கை செய்துகொண்டிருக்கும். இந்த ஊரில் பிறந்த நீ இதைக் கவனிக்காமல் விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் நடுவில் ஒரு நாலு நிமிஷம் வந்ததே, தம்பி! இடது முழங்கால் மடங்கி, வலது கை தோள்வரைக்கும் அந்த மூங்கில் கூண்டுக்குள் போய், தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உடம்பெல்லாம் அடங்கிப்போய் விரல் மட்டும் உயிரோடு இருந்த இடம். (அங்கே மட்டும்தான் நீ தரையைப் பார்க்கவில்லை. உனக்கே தெரிந்திருக்காது.) திடீரென்று மணிக்கட்டு வெட்டி இழுத்தது. பக்கத்துச் சம்சாரி சத்தமாகவே சொன்னார்: “கெளுத்தி.” விரால் என்றால் வழுக்கியிருக்கும், முள் குத்தின கை அப்படித்தான் வெட்டும். நாற்பத்தைந்து வருஷமாக ஆட்டம் பார்க்கிறேன். ஒரு மணிக்கட்டு அசைவில் மீனின் பெயரைச் சொல்ல வைத்தவனை நான் பார்த்ததில்லை. அந்தத் தாளை விசிறியாக்கின அதே மனுஷர்தான் சொன்னார் என்பதையும் எழுதி வைத்துக்கொள்.

தாளின் பின்பக்கத்துக்கு வருகிறேன். அதில்தான் எனக்கு உண்மையான சண்டை. ஆறு வருஷத்தில் ஏழு படைப்பு என்று போட்டிருந்தாய். ஒவ்வொன்றுக்கும் கீழே ஊர்ப் பெயர்கள். எண்ணிப் பார்த்தேன். எதுவும் மூணு தடவைக்கு மேல் ஆடப்படவில்லை. ‘ஊத்தா’வுக்கு இது மூணாவது. அடுத்த வருஷத்துக்கு எட்டாவது படைப்பு தயாராகிறது என்று கடைசி வரி. அப்படியென்றால் ‘ஊத்தா’ செத்துவிட்டதா? அந்தக் கெளுத்தி என்ன ஆகும்?

என் கதையைச் சொல்கிறேன். 1979இல் இந்த ஊரிலிருந்து பஸ் ஏறிக் கோடம்பாக்கம் போய்க் குரூப் டான்சர் ஆனேன். நாயகனுக்குப் பின்னால் இடமிருந்து மூணாவது ஆள். காலையில் மாஸ்டர் மூவ்மென்ட் கொடுப்பார், கவுண்ட் சொல்லிச் சொல்லி மத்தியானத்துக்குள் உடம்பில் ஏற்ற வேண்டும், சாயங்காலம் ஷாட். மறுநாள் வேறு செட், வேறு சட்டை, வேறு பாட்டு. முந்தின நாள் ஆடியது உடம்பிலிருந்து கழன்று போய்விடும். போகாவிட்டால்தான் கஷ்டம், புதுசுக்குக் குறுக்கே வந்து நிற்கும். முன்னூறு பாட்டுக்கு மேல் ஆடினேன். ஒன்றைக்கூட இரண்டாம் நாள் ஆடியதில்லை. ஊட்டியில் ஈரப்புல்லில் ஒரு தாவலில் முழங்கால் திரும்பிக்கொண்டது, அதோடு முடிந்தது. இன்றைக்கு யாராவது வந்து ஆடிக் காட்டுங்கள் என்றால் என்னிடம் ஒரு ஆட்டம்கூட முழுசாக இல்லை. நம் சாமி கும்பிட்டுக்கு வருகிற கரகாட்டக்காரர் நாற்பது வருஷமாக ஒரே ஆட்டம்தான் ஆடுகிறார். வந்து பார், அவர் தோளை. அந்தத் தோளை எந்தப் பட்டறையிலும் வாங்க முடியாது.

ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடிய இன்னொருத்தரையும் சொல்கிறேன், ருக்மிணி தேவி வழியாக. மதுரையில் 1904இல் பிறந்த ருக்மிணி தேவியை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் மயங்கினது ரஷ்ய பாலே ஆட்டக்காரி அன்னா பாவ்லோவாவைப் பார்த்து. பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலேகூடக் கற்றார். உன் நாட்டு ஆட்டத்தைப் போய்த் தேடு என்று திருப்பி அனுப்பியவரும் பாவ்லோவாதான். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்று, 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் மேடையேறியபோது ருக்மிணிக்கு வயது 31. உன்னைவிட மூத்தவர். ஆனால் நான் சொல்ல வந்தது பாவ்லோவாவை. ஃபோகின் அவருக்கு அமைத்துக் கொடுத்த ‘சாகும் அன்னம்’ நாலு நிமிஷம்கூடத் தாண்டாது. அதை அவர் சுமார் 4,000 தடவை ஆடியதாகச் சொல்வார்கள். உனக்கும் நாலு நிமிஷம் கிடைத்திருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அந்த முழங்காலோடு நான் சும்மா இருந்த காலத்தில், ஒரு சிநேகிதன் சந்திரலேகாவின் ‘ஸ்ரீ’ ஆட்டத்துக்கு இழுத்துப் போனான். முதுகு வளைந்த பெண்கள் மெல்ல மெல்ல மேடையைக் கடக்கிறார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. கவுண்ட் போட்டே பழகின எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு முதுகு வலித்தது. பஸ்ஸில் திரும்பும்போதும் வலித்தது. அந்த அம்மாள் காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் கற்று, ஆடி, பெயரெடுத்து, வருஷக்கணக்கில் மேடையை விட்டே விலகி இருந்து, 1985இல் ‘அங்கிகா’வோடு திரும்பி வந்தவர். 2001இல் செய்த ‘சரீரா’தான் கடைசி. குண்டேச்சா சகோதரர்களின் துருபத்துக்கு ஒரு பெண்ணும் ஒரு ஆணும் ஆடுவது. அந்தப் பெண் திஷானி தோஷி, கவிஞர். நடனப் பயிற்சி இல்லாமல் வந்தவர். 2006 டிசம்பரில் சந்திரலேகா போய்ச் சேர்ந்த பிறகும் பல வருஷம் அவர் அதே ஆட்டத்தை ஆடினார். ஆட்டக்காரியாக இல்லாமல் வந்தவளை ஆட்டக்காரி ஆக்கியது அந்த ஒரே ஆட்டம்தான் என்பது என் கட்சி. பத்மினி செட்டூரையும் பார். வேதியியல் படித்துவிட்டு 1991இல் சந்திரலேகாவின் குழுவுக்குப் போனவர், பத்து வருஷம் இன்னொருத்தரின் ஆட்டத்தில் நின்றார். அவர் தாளில் அது ஒரே ஒரு வரியாகத்தான் வரும். உன் தாளில் உனக்குக் கற்றுக்கொடுத்த ஒருத்தர் பெயரும் இல்லை, ஒன்பது ஊர்ப் பெயர் இருக்கிறது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். “பெரியப்பா, பழைய ஆட்டத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? விழாக்காரர்கள் முதல் காட்சி வேண்டும் என்கிறார்கள், நல்கை கொடுப்பவர்கள் புதுத் திட்டம் வேண்டும் என்கிறார்கள்.” நிஜம்தான். வாடகை, விளக்கு, கூட ஆடுகிறவர்களுக்குச் சம்பளம், எல்லாம் புதுசின் பெயரில்தான் வருகிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. எட்டாவதைச் செய்து காசை வாங்கிக்கொள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தக் காசில் ‘ஊத்தா’வையும் சோறு போட்டு வளர்த்துக்கொண்டிரு. விளக்கு வேண்டாம், அந்த லேப்டாப் உறுமியும் வேண்டாம். (நிஜ உறுமிக்காரர் இருக்கிற ஊரில் லேப்டாப்பில் உறுமி போட்டாயே, அதற்குத் தனிக் கடிதம் எழுதுவேன்.)

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நெல் காயப்போடுகிற களம் இருக்கிறது. சித்திரையில் சும்மாதான் கிடக்கும். வந்து நாலாவது தடவை ஆடு. முப்பது பேர் வருவார்கள், சம்சாரியைக் கூட்டிவருவது என் பொறுப்பு. உன் மேடை ஊத்தா புதுசு, வார்னிஷ் வாடை அடித்தது. கை உள்ளே போகக் கொஞ்சம் தயங்கியதையும் பார்த்தேன். அவரிடம் பழைய ஊத்தா ஒன்று இருக்கிறதாம், விளிம்பெல்லாம் கை தேய்த்து வழுவழு என்றிருக்கும், தருகிறேன் என்றார். திருச்சி பஸ்ஸில் ஏறும்போது கொட்டாம்பட்டி ஊருக்குள் போகுமா என்று கேட்டு ஏறு. இல்லாவிட்டால் நாலுவழிச் சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடுவான், அங்கிருந்து வெயிலில் நடக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
இடமிருந்து மூணாவது ஆள்